முப்பது சென்ட் அளவுகோல்

1912-ல் ஹார்வர்டு வானாய்வுக்கூடம் மூன்றே பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கையெழுத்து: இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங். இதைத் தயாரித்தவர் மிஸ் லீவிட் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து மேலதிகாரிக்கு இதுவே பெரிய தாராளம்.

பிக்கரிங் வானியலில் கெட்டிக்காரர், சம்பளக் கணக்கில் படு கெட்டிக்காரர். பெரு நாட்டு அரெகிப்பாவிலிருந்து வந்து குவிந்த, வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகளில் புள்ளி பார்க்கப் பெண்களை அமர்த்தினார். மணிக்கு 25 சென்ட். ஹென்ரியெட்டா லீவிட்டுக்குச் சலுகை, 30 சென்ட். தொலைநோக்கியில் கண் வைப்பதெல்லாம் ஆண்கள் உத்தியோகம். காது சரியாகக் கேட்காத அந்த அம்மாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, மெகல்லன் மேகங்கள் என்ற விண்மீன் கூட்டங்களில் மட்டும் 1,777 மாறொளி விண்மீன்களைப் பிடித்துப் போட்டார்.

அவற்றில் செஃபீடு என்றொரு ரகம். சீராக வீங்கிச் சுருங்கும், ஒளியும் கூடிக் குறையும். அந்தச் சுற்றறிக்கை சொன்னது இதுதான்: சிறிய மெகல்லன் மேகத்தின் 25 செஃபீடுகளை வரிசைப்படுத்தினால், பிரகாசமானவை நிதானமாகத் துடித்தன, மங்கலானவை அவசரப்பட்டன. எல்லாம் ஒரே மேகத்தில் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பவை என்பதால் இது கண் செய்யும் மாயமல்ல. இருட்டில் தெரிவது பக்கத்துத் தெரு ஜீரோ வாட் பல்பா, அடுத்த ஊர்க் கோபுரத்து ஃபோகஸ் லைட்டா என்ற குழப்பம் தீர்ந்தது. எத்தனை வாட் என்பதை விண்மீனே துடித்துச் சொல்லிவிடும். எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கையில்.

இப்பேர்ப்பட்ட ஊழியரைப் பிக்கரிங் என்ன செய்தார்? வேறு வேலைக்கு மாற்றினார்.

பிறகு பெரிய மனிதர்கள் வந்தார்கள். டென்மார்க்கின் ஹெர்ட்ஸ்ப்ரங் 1913-ல் அந்த மேகத்தின் தூரத்தைக் கணக்கிட்டார். வந்தது 30,000 ஒளியாண்டு. அச்சில் ஒரு சைபர் ஓடிப்போய் 3,000 ஆனது. உண்மைத் தூரம் சுமார் 2 லட்சம் என்பதால் சைபர் திரும்பி வந்திருந்தாலும் பெரிய பிரயோசனமில்லை.

அடுத்து ஹார்லோ ஷாப்லி. பால்வீதியை 3 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு இழுத்து, பிரபஞ்சமே இவ்வளவுதான், வானில் மங்கலாகத் தெரியும் ஆண்ட்ரோமெடா வெறும் உள்ளூர்ப் புகை என்று 1920-ல் வாஷிங்டனில் ஹீபர் கர்ட்டிஸோடு மல்லுக்கு நின்றார். ஓய்வு நேரத்தில் எறும்புகளின் ஓட்ட வேகத்தை அளந்தவர் அவர். எறும்பு விஷயத்தில் நமக்குப் புகார் இல்லை.

அவருடைய பிரபஞ்சத்துக்கு எமனாக வந்தவர் எட்வின் ஹபிள். பிறந்தது மிசௌரியில், மூன்று வருடம் படித்தது ஆக்ஸ்ஃபோர்டில், வெள்ளைக்காரத் துரை உச்சரிப்பு மட்டும் ஆயுள் முழுக்க. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த ஆண்ட்ரோமெடா தகட்டில், நோவா, அதாவது திடீரென்று பிரகாசிக்கும் விண்மீன், என்று குறித்த ஒரு புள்ளியை அடித்துவிட்டு, மாறொளி விண்மீன் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். செஃபீடு! லீவிட்டின் விதியைப் போட்டால் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. புகை தனிக் குடித்தனம் என்பது தெரிந்துபோயிற்று. ஹபிளின் கடிதம் வந்தபோது, தன் பிரபஞ்சத்தை அழித்த கடிதம் இதுதான் என்று ஷாப்லி சொன்னதாக வானியலாளர் செசிலியா பெய்ன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஜெயித்த ஹபிளின் கணக்கும் தப்புத்தான். செஃபீடுகளில் இரண்டு ரகம் என்பது அவருக்குத் தெரியாது. அதைப் பிரித்துக் காட்டியவர் வால்டர் பாடே. ஜெர்மன் குடிமகன் என்பதால் போர்க்காலத்தில் அமெரிக்கா அவரைச் சந்தேகப்பட்டு ராணுவ ஆராய்ச்சியில் சேர்க்காமல் மவுண்ட் வில்சன் மலையிலேயே விட்டுவைத்தது. கீழே லாஸ் ஏஞ்சலஸ் விளக்கணைத்துக் கிடந்தது. வானியலாளருக்கு இதைவிட நல்ல தண்டனை உண்டா? 1952-ல் ரோமில் அவர் வாய் திறந்ததும் பால்வீதிக்கு வெளியே எல்லாத் தூரமும் இரட்டிப்பானது. இன்றைய கணக்கில் ஆண்ட்ரோமெடா சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி.

1925-ல் ஸ்வீடனிலிருந்து மிட்டாக்-லெஃப்லர் என்ற கணித மேதை லீவிட்டுக்குக் கடிதம் போட்டார், நோபலுக்குப் பரிந்துரைக்கலாம் என்று. அம்மாள் 1921-லேயே புற்றுநோயில் இறந்துவிட்டிருந்தார். பதில் எழுதியவர் அப்போது ஹார்வர்டு வானாய்வுக்கூட இயக்குநராகிவிட்ட ஷாப்லி. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பொருள் சொன்ன பெருமை தன்னைச் சேரும் என்று கோடிகாட்டவும் அவர் மறக்கவில்லை. நோபல் அவருக்கும் கிடைக்கவில்லை, ஹபிளுக்கும் கிடைக்கவில்லை.