ஆடம்பரம் 60 கிராம்

எங்கள் மலையேற்றக் கோஷ்டியில் ஒருவன் இருக்கிறான். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கி, இரண்டு துண்டையும் சமையலறைத் தராசில் தனித்தனியே நிறுத்து, மிச்சமான கிராமைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவான். அதே பையில் அரைக் கிலோ எடையுள்ள மடக்கு நாற்காலியும் இருக்கும். கேட்டால், "அது என்னோட லக்சுரி ஐட்டம்டா" என்பான்.

எடை குறைத்து மலையேறுகிறவர்களின் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. சாப்பாடு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் மூன்றையும் தள்ளிவிட்டு மிச்சத்தை நிறுத்தால் வருவது பேஸ் வெயிட். அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் 4.5 கிலோவுக்குள் இருந்தால் நீங்கள் அல்ட்ராலைட் சாதி. அப்படி எல்லாவற்றையும் துறந்த பிறகு, தேவையே இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ள ஆளுக்கு அனுமதி. தலையணையா, நாற்காலியா, ராத்திரி காலாற போட்டுக்கொள்ளச் செருப்பா, காபியா? பெண் பார்க்கப் போகிறபோதுகூட இவர்கள் இத்தனை யோசித்திருக்க மாட்டார்கள்.

1980களின் கடைசியில் பெரியப்பா என்னை வெள்ளியங்கிரிக்குக் கூட்டிப்போனபோது இந்தக் கவலையெல்லாம் இல்லை. சித்ரா பௌர்ணமிக் கூட்டம். பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி. ஒரு மஞ்சப்பை, அதில் மாற்று வேட்டி, துண்டு, திருநீற்றுப் பொட்டலம், மூன்று கட்டை போடும் டார்ச் லைட். காலில் ஒன்றும் கிடையாது. இன்றைய கணக்கில் எங்கள் பேஸ் வெயிட் ஒன்றரைக் கிலோவைத் தாண்டியிருக்காது. அதிலும் டார்ச்சின் பங்கே அதிகம்.

ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலையாவது செய்ய வேண்டும் என்பது இப்போதைய அல்ட்ராலைட் வேதம். பெரியப்பாவின் வேட்டி உடுத்த, போர்த்த, துவட்ட, சுருட்டித் தலைக்கு வைக்க, வழுக்குப்பாறையில் மேலே நிற்பவர் கீழே நிற்பவரைப் பிடித்து இழுக்க என்று ஐந்து வேலை செய்தது. அமெரிக்காவிலும் இப்படி ஒரு பாட்டி இருந்திருக்கிறார். எம்மா கேட்வுட். 1955இல், 67 வயதில், 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தன்னந்தனியாக நடந்து முடித்தவர். தோளில் கையால் தைத்த துணிப்பை, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. அந்தப் பாட்டியும் பெரியப்பாவும் சந்தித்திருந்தால் இரண்டு பேரும் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நம் ஊர் இருமுடியிலும் இதே கணக்குத்தான்: முன்முடி சாமிக்கு, பின்முடி தனக்கு. ஆடம்பரத்துக்கு என்று மூன்றாவது முடி கட்டும் குருசாமியை நான் பார்த்ததில்லை.

அதற்காகப் பெரியப்பாவுக்கு ஆடம்பரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பித்தளை வெற்றிலைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே சுண்ணாம்பு டப்பி, கொட்டைப்பாக்கு, இரும்பில் அடித்த பாக்குவெட்டி. வேறெதுவும் சுமக்காத மனிதர் அந்தப் பெட்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஒவ்வொரு மலை முடியும் இடத்திலும் உட்காருவார். வெற்றிலையை வேட்டித் தொடையில் இருபுறமும் துடைப்பார். காம்பும் நுனியும் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தடவுவார், விளிம்பைத் தொடாமல். பாக்குவெட்டி நறுக்கென்று கடிக்கும். பின்னால் வருகிறவர்கள் "அரோகரா" என்று கடந்து போய்க்கொண்டே இருப்பார்கள்; நான் தவிப்பேன். "நிதானமாப் போலாங் கண்ணு. மலை எங்கீயும் ஓடிப்போயிராது" என்பார். ஏழாவது மலைக்கு முன்னால் ஆண்டி சுனையின் பனித்தண்ணீரில் முங்கி எழுந்து பல் தந்தியடிக்கும்போதும் முதலில் தேடியது துண்டையல்ல, பெட்டியை.

இன்னொரு ஆடம்பரம் சித்தப்பாவின் தோளில் வந்தது. பவானி ஜமுக்காளம். கனத்த பருத்தி, பனி இறங்கினால் இன்னும் கனக்கும். சுமந்தது அவர் ஒருவர், படுத்தது நாங்கள் அத்தனை பேரும். ஓரத்தில் யாரென்றே தெரியாத ஒரு பொள்ளாச்சிக்காரர் வேறு வந்து படுத்துக்கொண்டார். விடிந்ததும் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது என்னிடம் இருப்பது காற்றடைக்கும் மெத்தை. 51 சென்டிமீட்டர் அகலம். பக்கத்தில் இன்னொருவர் கையை வைக்கக்கூட இடமில்லை, புரண்டால் சரசரக்கும். ஆனாலும் அதை நான் ஆடம்பரக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பனிமலையில் ஆளைக் கொல்வது மேலே வீசும் காற்று மட்டுமல்ல, கீழே இருக்கும் தரையும்தான். ஸ்லீப்பிங் பேக்கில் உள்ள இறகு, நம் எடையில் நசுங்கி, முதுகுப் பக்கம் வெறும் துணியாகிவிடும். பிறகு உடம்புக்கும் பூமிக்கும் நடுவே மெத்தை ஒன்றுதான் தடுப்பு. அந்தத் தடுப்பை ஆர்-வேல்யூ என்று அளக்கிறார்கள். மடக்கு ஃபோம் பாய்க்கு 2 வாக்கில் வரும், நல்ல காற்று மெத்தைக்கு 4க்கு மேல். எடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையைப் பற்றி வீட்டில் கேட்டால் மட்டும் பாதியைச் சொல்லுங்கள். குறைய வேண்டியது எடை, பணம் அல்ல என்பது இந்தத் தொழிலின் ஆதாரக் கொள்கை.

தலையணை 60 கிராம். ஊதினால் தலையணை, ஊதாவிட்டால் கைக்குட்டை அளவு. மாற்றுச் சட்டையைச் சுருட்டி வைத்தால் போதாதா என்று இருபது வயதுக்காரர்கள் கேட்பார்கள். போதும், இருபது வயதுக்கு.

காபிதான் விவகாரம். கேதார்காந்தா மலைக்குப் போனபோது ஒருவன் ஃபில்டரையே கொண்டுவந்துவிட்டான், சின்ன எவர்சில்வர் ஃபில்டர், கும்பகோணத்துப் பொடி, பால் பவுடர். ஜூடா தாலாப் அருகே, கிட்டத்தட்ட 9,000 அடியில் கூடாரம். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதற்குமேல் எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் சூடு ஏறாது. ஃபில்டரில் ஊற்றினான். வெளியே பனி. மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குச் சொட்டுவதற்குள் டிகாக்‌ஷன் ஆறிப்போனது. திரும்பச் சுடவைத்தான். கையுறையைக் கழற்றி, விரல் விறைக்க, இரண்டு டம்ளருக்கிடையே நுரை வர ஆற்றினான். ஏற்கெனவே ஆறிப்போன காபியை ஆற்றிய ஒரே தமிழன் அவனாகத்தான் இருக்கும். ஆளுக்கு இரண்டு வாய் கிடைத்தது. நன்றாகவே இருந்தது. அந்த ஃபில்டரின் எடையை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் கூடாரம் எங்களுடையது இல்லை, ஏற்பாட்டாளர்களுடையது. பாயும் ஸ்லீப்பிங் பேக்கும் அவர்களே தருவார்கள். ரொட்டியும் பருப்பும் சூப்பும் அவர்கள் சமையற்காரர் பொறுப்பு. அதற்கும் மேல் நாங்கள் கொண்டுபோன நாற்காலி, மெத்தை, தலையணை வகையறா எல்லாம் சங்க்ரி கிராமத்திலேயே கோவேறு கழுதையின் முதுகில் ஏறிவிடும். பைக்கு இவ்வளவு என்று கூலி. 12,500 அடி உச்சிவரை எங்கள் தோளில் இருந்தது தண்ணீர் பாட்டிலும் மழைச்சட்டையும் கொஞ்சம் கடலைமிட்டாயும். நறுக்கிய பிரஷ்கூடக் கழுதையிடம்தான்.

கழுதைக்காரர் ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்து இரண்டு பக்கமும் எடை சமமாக வரும்படி கட்டினார். தராசு கிடையாது, கைதான். நாற்காலிப் பையிடம் வந்ததும் சற்றே நின்று, இதில் என்ன என்று இந்தியில் கேட்டார். சொன்னோம். மேலே உட்காரக் கல் இருக்கிறதே என்றார். கிண்டலெல்லாம் இல்லை, எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று தகவலுக்காகச் சொன்னார்.

போன வாரம் குழுவில் நாற்காலிக்காரன் ஒரு படம் போட்டிருந்தான். புது மாடலாம், பழையதைவிட 150 கிராம் குறைவு, விலை இரண்டு மடங்கு. "எவ்வளவு குறையுது பாரு" என்றான்.

"யாருக்குக் குறையுது? கழுதைக்கா?" என்று கேட்டேன்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் இன்னொரு படம் வந்தது. அந்த நாற்காலிக்கு முன்னால் போட்டுக் கால் நீட்டிக்கொள்ளக் காற்றடைக்கும் முக்காலி. அதுவும் 60 கிராம்தானாம்.