ஆம்பள வாத்தியார் கணக்கு

கேள்விப்பட்டேன் தம்பி. ஜெர்மனியில தொழிற்கல்வி சொல்லிக் குடுக்குற ஆம்பள வாத்தியாருங்க எத்தனை, லக்ஸம்பர்க்ல எத்தனைன்னு ஒப்பிட்டு அசைன்மெண்ட் எழுதுறியாமே. பேஷ். இங்க மலேசியாவுல, ரந்தாவ்ல கெட்டுப்போன தண்ணி பம்பைக் கழட்ட ஆள் கிடைக்காம உங்கப்பன் அலையுறான். மவன் ஐரோப்பாவுல மீசை எண்ணுறான். குடும்பம் முன்னேறிடுச்சு.

சரி, எண்ணுறதுன்னு முடிவு பண்ணிட்ட. ஜெர்மனியில 8 கோடிக்கு மேல சனம். லக்ஸம்பர்க் முழுசையும் கூட்டினாலும் 7 லட்சம் தேறாது. 2020 கணக்கெடுப்புல நம்ம நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கே 12 லட்சம் வந்துச்சு. ஆயிரம் ரப்பர் மரம் வெட்டினவன் பாலையும் நூறு மரம் வெட்டினவன் பாலையும் பக்கத்துல வச்சு, இவன்தான் கெட்டிக்காரன்னு எந்தத் தோட்டத்துக் கிராணியாவது எழுதுவாரா?

அதையும் விடு. யுனெஸ்கோ படிப்புக்குப் போட்ட படிகள்ல நீ கேக்குறது 4ஆம் படி. இடைநிலைக்கு மேல, உயர்கல்விக்குக் கீழ. ஜெர்மனியில ஒரு பையன் பத்தாவதோட மெக்கானிக் பயிற்சிக்குப் போனா, அவன் 3ஆம் படி. பல்கலைக்கழகம் போற தகுதிப் பரீட்சையில தேறிட்டு இன்னொருத்தன் அதே பயிற்சிக்கு வந்தா, அவன் 4ஆம் படி. வாத்தியார் ஒரே ஆளு. அவர எந்தப் படியில நிறுத்துவ? பாதி மீசை இங்க, பாதி மீசை அங்கயா?

இன்னொண்ணு கேளு. அங்க பயிற்சிக்காரப் பையன் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள்தான் பள்ளிக்கூடம் போறான், மிச்சமெல்லாம் கம்பெனியில. கம்பெனியில கையைப் புடிச்சுச் சொல்லிக் குடுக்குறவருக்கும் தனிப் பரீட்சை உண்டு. ஆனா வாத்தியார் கணக்குல அவர் வரமாட்டார். அப்புறம் எதைத்தான்யா எண்ணுற?

ஆம்பள மட்டும்னு வேற சொல்லிட்ட. எனக்குப் பால் வெட்டக் கத்துக் குடுத்தது எங்க அத்தை. கைநாட்டு. கோடு இடது மேலேருந்து வலது கீழே சாயணும்பாங்க. பட்டைக்குள்ள பால் ஓடுற ஆழம் வரைக்கும் கத்தி போகணும். ஒரு நூலு தாண்டிக் கட்டையில பட்டுச்சோ, காயம். அந்த இடத்துல புதுப்பட்டை முண்டும் முடிச்சுமா வரும், திரும்ப வெட்ட ஆகாது. பயந்துகிட்டு மேலாகச் சீவினா மங்குல பால் நிறையாது. நான் மரத்தைக் காயப்படுத்தின அன்னிக்கு அத்தை என் மண்டையில குட்டின குட்டு இருக்கே, எந்தப் பாலிடெக்னிக்கிலயும் அந்தப் பாடம் கிடையாது. அவங்கள எந்தப் பத்தியில எழுதுவ?

இப்ப விஷயத்துக்கு வாரேன். உங்க சித்தப்பன் செம்பனை ஆலைப் பட்டறையில வெல்டிங் செய்யுறான், எத்தனையோ பயலுகளுக்குக் கத்துக் குடுத்தான். அவங்கள்ல சிலர் சிங்கப்பூர்ல சம்பாதிக்குறாங்க. இவன் கையில மட்டும் ஒரு கடுதாசி கிடையாது. அதுக்கு நம்ம நாட்டுல வழி இருக்கு. 2006ல வந்த 652ஆம் சட்டம், தொழில்திறன் மேம்பாட்டுச் சட்டம், அதுல எஸ்.கே.எம்.ங்குற திறன் சான்றிதழ் 1, 2, 3. அதுக்கு மேல டிப்ளோமா, மேல்நிலை டிப்ளோமா. பி.பி.டி.ன்னு ஒரு வழியும் இருக்கு. வகுப்புல போய் உக்காரத் தேவையில்ல. செஞ்ச வேலைக்கு அத்தாட்சிகளக் கோப்புல கட்டிக் குடுத்து, மதிப்பீட்டாளர் பாத்துத் திருப்திப்பட்டா சான்றிதழ் வரும். பயிற்றுநர் ஆகணும்னா அதுக்கப்புறம் ஷா ஆலாம்ல சியாஸ்ட் இருக்கு. பயிற்றுநர்களுக்கே பயிற்சி குடுக்குற இடம்.

இதெல்லாம் தெரிஞ்சும் அவன் ஏன் போகலன்னு கேக்குறியா? கோப்பை எழுதணும். அவனுக்குப் பேனாவப் பாத்தா காய்ச்சல் வரும். நீ படிச்சவன். பக்கம் பக்கமா லக்ஸம்பர்க்கைப் பத்தி எழுதுற கை, சித்தப்பனுக்கு நாலு பக்கம் எழுதினா தேஞ்சா போகும்?

ஐரோப்பாக்காரன் வாத்தியாருங்கள அவனே எண்ணி வச்சிருக்கான், அது எங்கயும் ஓடிடாது. சனிக்கிழமை சித்தப்பன் வீட்டுக்குப் போ. பழைய வேலைச் சீட்டு, படம், மேனேஜர் குடுத்த கடிதம், எல்லாத்தையும் பொறுக்கி அடுக்கு. பி.பி.டி. கோப்பை நீயே எழுது.