அயல்மண்ணில் மாமா வட்டம் கட்டியது: ஓர் ஆய்வு

வெளிநாடு போன தமிழர் அங்கே எதைப் பார்த்தார், எதைச் சாப்பிட்டார், சாம்பாருக்கு எப்படி ஏங்கினார் என்பதையெல்லாம் பயண நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டன. அவர் ஏடிஎம் முன்னால் நின்றபோது என்ன ஆனார் என்பதில் மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருங்குறையை நீக்கவே இந்தக் கட்டுரை.

கணக்குப் பாடத்தில் எக்ஸை வைத்துக்கொள்வதுபோல இங்கே ஒரு மாமாவை வைத்துக்கொள்வோம். வயது 62. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். அத்தையுடன் ஐந்து நாள் பாங்காக் சுற்றுலா கிளம்புகிறார். தள்ளுவண்டிக்காரரிடம் கத்திரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைத்து, கொசுறாகக் கறிவேப்பிலையும் வாங்காமல் நகராத ஆள். இப்படிப்பட்டவர், பேச்சே வராத ஓர் இயந்திரத்திடம் ஒரு நிமிடத்தில் 853 ரூபாய் தோற்பது எப்படி? இதுவே ஆய்வு வினா.

முதலில் வரலாறு. ஆய்வுக் கட்டுரை என்றால் அது இல்லாமல் முடியாது. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்போது இடையில் பிடித்துக்கொள்ளும் காசுக்குத் தமிழில் ‘வட்டம்’ என்று பெயர் உண்டு. ஆக, நம்மவர்களுக்கு இது புதிய வலியல்ல. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய காலத்தில் உண்டியல் என்ற தாளை எழுதியே கடல் கடந்து பணத்தை நகர்த்தினார்கள். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸை ஒட்டி இருந்த சேஞ்ச் ஆலி என்ற சந்தில் நம்மூர் முஸ்லிம் வணிகர்கள் நோட்டுக்கட்டுகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பழைய சந்து 1989இல் மூடப்பட்டது. அங்கே வட்டம் பிடித்தது ஒரு மனிதர். முகத்தைப் பார்த்துப் பேரம் பேசலாம். இந்த நுட்பத்தை மறக்கக் கூடாது.

மேற்கிலும் இதே பாடுதான். பயண முகவர் தாமஸ் குக் 1874இல் பயணிகளுக்கான ஒருவகைப் பணத்தாளைக் கொண்டுவந்தார். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் தலைவரான ஜே.சி.ஃபார்கோ ஐரோப்பா போனபோது, பெரிய நகரங்களைத் தாண்டியதும் அவர் வைத்திருந்த வங்கிக் கடிதத்தை யாரும் சீந்தவில்லை. திரும்பி வந்தவர் கொதித்ததன் விளைவு, மார்செலஸ் பெர்ரி என்ற ஊழியர் 1891இல் வடிவமைத்த டிராவலர்ஸ் செக். ஒரு முதலாளி அவமானப்பட்டால் உலகத்துக்கு நன்மை பிறக்கும் என்பதற்கு இது அரிய சான்று. பிறகு 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி சுவரில் பணம் தரும் ஓர் இயந்திரத்தைப் பதித்தது. அதன் பின்னிருந்த ஜான் ஷெப்பர்டு-பாரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். ஆகவே மாமாவின் இழப்பில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

இனி கள ஆய்வு. தாய்லாந்து வங்கிகள் 2009இல் வெளிநாட்டுக் கார்டுகளுக்கு ஒவ்வொரு தடவைக்கும் 150 பாட் வாங்கத் தொடங்கின. அது படிப்படியாக ஏறி 220 பாட்டைத் தொட்டது. ஆயிரம் எடுத்தாலும் இருபதாயிரம் எடுத்தாலும் அதே 220. இங்கேதான் மாமாவின் குணம் அவரைக் கவிழ்க்கிறது. “கையில ரொம்ப வச்சுக்க வேண்டாம், அப்பப்போ எடுத்துக்கலாம்” என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ஆயிரம் பாட் எடுக்கிறார்.

ஒரு பாட் இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவர் கைக்கு வந்தது 2,500 ரூபாய். இயந்திரத்தின் 220 பாட், 550 ரூபாய். நம்மூர் வங்கி வெளிநாட்டு ஏடிஎம்முக்கென்று தடவைக்கு 150 ரூபாய் போடுவதாகக் கொண்டால், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 177. அதற்கும் மேலே, நாணயத்தை மாற்றுவதற்கென்று வங்கி பிடிக்கும் மார்க்கப் என்ற ஒன்று. பல கார்டுகளில் இது மூன்றரை சதவீதம், ஜிஎஸ்டியோடு 4.13. அதை இயந்திரக் கட்டணத்தின் மீதும் சேர்த்தே போடுவார்கள், ஆக 126 ரூபாய். மொத்தம் 853. எடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

அதே மாமா ஒரே தடவையில் 20,000 பாட் எடுத்திருந்தால் செலவு ஏறக்குறைய 2,815 ரூபாய், அதாவது ஐந்தரை சதவீதம் சொச்சம். அதே தொகையை ஆயிரம் ஆயிரமாக இருபது தடவை எடுத்தால் 17,060. கத்திரிக்காய்க் கணக்கில் இது எத்தனை வருடப் பேரம் என்பதைக் கணக்குப் பிரிவில் இருந்தவரே போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. கார்டை உள்ளே விட்டு, ரகசிய எண்ணை அடித்து, தொகையைச் சொன்ன பிறகு இயந்திரம் திடீரென்று உபசாரம் செய்யத் தொடங்குகிறது. உங்கள் கணக்கில் பாட்டாகக் கழிக்கவா, உங்கள் ஊர் ரூபாயாகவே கழிக்கவா?

“என்னங்க கேக்குது?”

“ரூபாயா பாட்டான்னு கேக்குதும்மா.”

“ரூபாய்னே போடுங்க. நமக்குக் கணக்கு புரியும்ல.”

அத்தை சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. அயலூரில் ரூபாய் என்ற சொல்லைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்யும். அந்த இளக்கத்துக்குத்தான் விலை. பாட்டைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பு போடும். அது சந்தை விலையை ஒட்டியே இருக்கும். ரூபாயைத் தேர்ந்தால் விகிதத்தைப் போடுவது இயந்திரத்தின் பக்கத்து ஆட்கள். 10,000 பாட்டுக்கு 25,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் திரை 27,000 காட்டினால் அதைத் தட்டிக் கேட்க அங்கே யாரும் இல்லை. ‘கட்டணம்’ என்ற சொல்லும் அந்தத் திரையில் இருக்காது, விலைக்குள்ளேயே அது கரைந்திருக்கும். ரூபாயில் கழித்துவிட்டதால் ஊரில் மார்க்கப் மிச்சம் என்று மாமா நினைத்தால், அதற்கும் பல இந்திய வங்கிகள் கிரெடிட் கார்டில் ஒரு சதவீதம் வைத்திருக்கின்றன.

தப்பிக்கும் பொத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேல் எழுதியிருக்கும் சொல்தான் கொடுமை: டிக்ளைன். மறுக்கிறேன் என்று அழுத்தினால் பணமே வராது, கார்டையும் விழுங்கிவிடும், பின்னால் நிற்கும் ஜெர்மானியர் முறைப்பார் என்று மாமா நடுங்குகிறார். உண்மையில் மறுக்கப்படுவது இயந்திரத்தின் விகிதம் மட்டும்தான். பணம் வழக்கம்போல் பாட்டாகக் கழிந்து வெளியே வரும். கல்யாணப் பந்தியில் ‘போதும்’ என்று இலைக்கு மேல் கையை மறிப்பதைப் போன்ற செயல் இது. அதனால் யாரும் இலையை எடுத்துவிடுவதில்லை. கடையிலும் ஓட்டலிலும் கார்டு தேய்க்கும் கருவி இதே கேள்வியைக் கேட்கும். சில இடங்களில் விற்பனையாளரே நமக்காக ரூபாயை அழுத்திவிட்டுச் சிரிப்பார். கையெழுத்துப் போடுமுன் சீட்டில் எந்த நாணயம் என்று பார்த்து, ரூபாய் என்றால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த உபசாரத்தால் நொந்துபோய், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குகிறோம் என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும் என்று 2020 ஏப்ரல் முதல் விதி வைத்தது.

கார்டை விட்டு ரொக்கத்தை மாற்றப் போனாலோ, ‘கமிஷன் கிடையாது’ என்ற பலகை விமான நிலையம்தோறும் ஒளிர்கிறது. அது பொய்யல்ல. சந்தையில் டாலர் 85 என்றால் 91க்கு விற்று 79க்கு வாங்குபவருக்குத் தனியாகக் கமிஷன் எதற்கு? பாங்காக் சுவர்ணபூமியில் பெட்டியை எடுத்து வெளியே வந்ததும் கண்ணில் படும் கவுன்டர்களைவிட, லிஃப்டில் கீழே இறங்கி ரயில் நிலையத் தளத்துக்குப் போனால் அங்குள்ள சிறு மாற்றுக் கடைகளில் விலை நன்றாக இருக்கும். இரண்டு தளம் இறங்கச் சோம்பலா என்பதுதான் கேள்வி. அந்தக் கடைகளில் நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, இருபதுக்கும் ஐந்துக்கும் அதைவிடக் குறைந்த விலை. கிறுக்கல், கிழிசல் இருந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். மாமா தன் நோட்டுகளைப் பாம்புப் பஞ்சாங்கத்துக்குள் மடிப்பில்லாமல் வைத்துக் கொண்டுபோனது, பயணம் முழுவதிலும் அவர் செய்த சரியான காரியங்களுள் ஒன்று.

கிளம்புமுன் செய்ய வேண்டியவற்றில் ஆய்வு அதிகம் தங்கவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்க வேண்டும். மார்க்கப் இல்லாத கார்டுகள் இப்போது கிடைக்கின்றன. ஃபாரெக்ஸ் கார்டில் டாலரை ஏற்றி அதிலிருந்து பாட் செலவழித்தால் இரண்டாம் தடவையும் மாற்றுக் கட்டணம் விழும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே கூடாது, அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். சிங்கப்பூரின் பேநவ் என்ற பணமாற்ற முறையோடு யுபிஐ 2023 பிப்ரவரியில் இணைந்தது. இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் கடைகளில் யுபிஐயில் செலுத்தலாம். கொழும்புக்குப் போகும் மாமாக்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாமல் போகக்கூடும்.

ஐந்தாம் நாள் மாமா ஊர் திரும்பினார். பைக்குள் சில்லறையாக 37 பாட். நோட்டை வாங்கும் கடைக்காரர்கள் சில்லறை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். அத்தை அதை வாங்கி, எண்ணிப் பார்க்காமல், பூஜை அறையில் திருப்பதிக்கென்று வைத்திருந்த உண்டியலில் போட்டாள்.