தலைவரே, மாலையைக் கழட்டிட்டு உக்காருங்க

வாங்க தலைவரே, வாங்க. நேத்து வரைக்கும் அக்கா மகன்னு உரிமையா 'டேய்'னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு டிவிஷனுக்கே தலைவராயிட்டீங்க. இனிமே 'டேய்'னா சங்கத்தை அவமதிச்சதா ஆயிரும். இஸ்தோப்புல உக்காருங்க. இருக்கிறது ஒரே நாற்காலி, அதுலயும் ஒரு கால் ஆடும். பதவின்னா அப்படித்தான், பழகிக்கங்க.

கழுத்துல என்ன, மூணு மாலையா? பொம்பளைங்க காசு சேத்து வாங்கிப் போட்டாங்களா? சந்தோசம். மாலையப் பாத்ததும் எனக்கு யாத்திராகமத்துல 32ஆம் அதிகாரம் ஞாபகம் வந்திருச்சு. மோசே மலைக்கு மேல போனவரு வரத் தாமதமாயிருச்சு. கீழ இருந்த சனத்துக்குப் பொறுக்கல. 'எங்களுக்கு முன்னால நடக்க ஏதாச்சும் செஞ்சு குடு'ன்னு ஆரோனைப் புடிச்சுக்கிட்டாங்க. அவரு என்ன செஞ்சாரு? உங்க பெண்டாட்டி புள்ளைங்க காதுல கெடக்கிற கடுக்கனைக் கழட்டிக் கொண்டு வாங்கன்னாரு. அதை உருக்கி ஒரு கன்னுக்குட்டி செஞ்சாரு. அதுக்கு முன்னாடி ஆடினாங்க, பாடினாங்க. ஆகமொத்தம், கும்பிடுற கன்னுக்குட்டிக்குத் தங்கம் குடுத்ததும் கும்பிட்டவங்கதான். இப்ப மாலைக்குக் காசு யாரு குடுத்தாங்கன்னு நான் ஏன் கேட்டேன்னு புரியுதா?

அதுல எனக்குப் புடிச்ச இடம் அப்புறந்தான் வருது. மோசே எறங்கி வந்து 'என்னய்யா இது?'ன்னு கேக்கிறாரு. ஆரோன் சொன்ன பதில் இருக்கே, அடடா! தங்கத்தை நெருப்புல போட்டாராம், தானா இந்தக் கன்னுக்குட்டி வெளிய வந்திருச்சாம். உளியால செதுக்கினது யாருன்னு வேதத்துல தெளிவா எழுதியிருக்கு. நம்ம பக்கமும் இதைக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம்? கொழும்புக்குப் பேச்சுவார்த்தைக்குப் போவாங்க, திரும்பி வருவாங்க. என்ன ஆச்சுன்னு கேட்டா, 'நாங்க பேசத்தான் போனோம், தானா இந்த ஒப்பந்தம் வந்திருச்சு.'

மொகத்தைச் சுளிக்காதீங்க தலைவரே. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்துல யோதாம்னு ஒரு பொடியன் மலை உச்சியில நின்னு ஒரு கதை சொல்றான். மரங்களெல்லாம் தங்களுக்கு ஒரு ராசாவைத் தேடிப் போகுதுங்க. ஒலிவ மரத்துக்கிட்ட கேட்டா, எண்ணெய் குடுக்கிற வேலையை விட்டுட்டு வரமாட்டேன்னுருச்சு. அத்திமரமும் வரல, திராட்சைக் கொடியும் வரல. கடைசியா முள்ளுச்செடிக்கிட்ட போனாங்க. அது உடனே சரின்னு, என் நெழல்ல வந்து ஒதுங்குங்கன்னு கூப்பிட்டுச்சு. முள்ளுச்செடிக்கு ஏதுங்க நெழல்?

உங்களை முள்ளுச்செடின்னு நான் சொல்லல. கொழுந்து நல்லா எடுக்கிறவ, கவ்வாத்து சுத்தமா வெட்டுறவன், நாலு எழுத்து படிச்சவன், இவங்க எல்லாரையும் சங்கம் கேட்டுச்சா இல்லையா? 'எனக்கு எதுக்குங்க வம்பு'ன்னு ஒதுங்கிட்டாங்கள்ல? ஒதுங்கினவங்கதான் அப்புறம் கொழுந்து மடுவத்துல நின்னு தலைவரைத் திட்டுவாங்க. அவங்க திட்டையும் நீங்க கேட்டுத்தான் ஆகணும். பதவின்னா சும்மாவா?

சரி, வேலைக்கு வருவோம். ஒத்த ஆளா எல்லாத்தையும் பாக்கலாம்னு நெனைக்காதீங்க. மோசேயும் அப்படித்தான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பஞ்சாயத்துக்கு உக்காந்திருந்தாரு. அவரு மாமனார் எத்திரோ வந்து பாத்துட்டு, 'மருமகனே, நீயும் களைச்சுப் போவ, சனமும் களைச்சுப் போகும்'ங்கிற மாதிரி புத்தி சொன்னாரு. ஆயிரம் பேருக்கு ஒருத்தன், நூறு பேருக்கு ஒருத்தன், அம்பது பேருக்கு, பத்துப் பேருக்குன்னு ஆள் வையின்னாரு.

இதை வெள்ளைக்காரன் நல்லாப் படிச்சிருக்கான்! நம்ம தாத்தமாரு கோப்பிக் காலத்துல இங்க வந்தப்பவே ஏணி தயாரா இருந்துச்சு. பெரிய தொரை, சின்ன தொரை, கண்டாக்கு, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, அவருக்குக் கீழ சில்லறைக் கங்காணி. எத்திரோ சொன்ன அதே அடுக்கு. ஆனா எத்திரோ ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாரு. வைக்கிற ஆளு கடவுளுக்குப் பயந்தவனா, பொய் பேசாதவனா, காசாசை இல்லாதவனா இருக்கணும்னு. அந்த வரியை மட்டும் வெள்ளைக்காரன் தாண்டிப் போயிட்டான். பெரிய கங்காணிக்கு, அவன் ஆளுங்கள்ல எத்தனை பேரு அன்னைக்கு வேலைக்கு எறங்குறாங்களோ அத்தனை தலைக்குக் காசு. காய்ச்சல்ல கெடக்கிறவனைக் கம்பளியோட தூக்கி நிறுத்துறதுக்கு வேற காரணம் வேணுமா? ஊர்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்த செலவெல்லாம் தொழிலாளி பேர்ல கடன். வேற தோட்டத்துக்குப் போகணும்னா 'துண்டு' வேணும். இந்தாளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுறவன் இவனைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு எழுதின கடுதாசி அது. துண்டு முறையை 1921லதான் ஒழிச்சாங்க.

அதனால நீங்களும் ஆள் வையுங்க. பத்துக் காம்பராவுக்கு ஒருத்தரைப் பொறுப்பாப் போடுங்க. மச்சான், சகலைன்னு பாத்துப் போடாதீங்க. எத்திரோவே மாமனாரா இருந்தும் தனக்கொரு பதவி கேக்கல. புத்தியைச் சொன்னாரு, ஊருக்குப் போயிட்டாரு. நானும் அப்படித்தான், பயப்படாதீங்க.

அடுத்தது நெகேமியா. எருசலேம் மதில் இடிஞ்சு கெடந்துச்சு. கட்டிக் குடுக்கப் போன மனுசன் மேடை போடல, போஸ்டர் ஒட்டல. மூணு நாள் சும்மா இருந்துட்டு, ராத்திரியில கொஞ்சப் பேரைக் கூட்டிக்கிட்டு யாருக்கும் சொல்லாம இடிஞ்ச எடத்தையெல்லாம் சுத்திப் பாத்தாரு. அப்புறந்தான் வாயைத் தொறந்தாரு. நம்ம மலையிலயும் ஒருத்தரு அப்படிப் பாத்தாரு. தஞ்சாவூர்ப் பக்கத்து கோ. நடேசய்யர். வெளியாளு தோட்டத்துக்குள்ள காலை வைக்க முடியாத காலம். மனுசன் புடவை வியாபாரி மாதிரி துணிமூட்டையோட லயத்துக்குள்ள வந்து, நம்ம பொழைப்பைக் கண்ணால பாத்தாரு. பாத்ததைப் பத்திரிகையில எழுதினாரு. 1931ல தோட்டத் தொழிலாளிக்குன்னு சங்கமே கட்டினாரு. அவரு சம்சாரம் மீனாட்சி அம்மை மேடையில பாட்டுப் பாடி ஆளைக் கூட்டுச்சு. நீங்க கடைசியா எந்த லயத்துக் கூரை ஒழுகுதுன்னு எப்பப் போய்ப் பாத்தீங்க? வாட்ஸ்அப்புல வந்த படத்தைச் சொல்லாதீங்க.

நெகேமியா இன்னொண்ணும் செஞ்சாரு. பன்னெண்டு வருசம் அதிபதியா இருந்து, அதிபதிக்குன்னு உள்ள படியை வாங்கல. அவருக்கு முந்தி இருந்தவங்க சனத்துக்கிட்ட அப்பமும் ரசமும் போக வெள்ளியும் சேத்து வாங்கினவங்க. நம்ம சந்தா எப்படிப் போகுது? செக்ரோல்லயே வெட்டிருது. வசதிதான். ஆனா காம்பராக் காம்பராவாப் போய்ச் சந்தா கேட்டா, 'போன தடவை என்ன கிழிச்சீங்க?'ன்னு நாலு கேள்வி வரும். அந்த நாலு கேள்விதான் தலைவனுக்கு மருந்து. ஆபீஸ்லயே வெட்டிக்கிட்டா மருந்தும் மிச்சம், வியாதியும் மிச்சம்.

சம்பளத்துக்கு வாறேன். ராசா சாலொமோன் செத்ததும் மகன் ரெகொபெயாம்கிட்ட சனம் வந்து, உங்கப்பா வச்ச பாரத்தைக் கொஞ்சம் கொறைங்கன்னு கேட்டுச்சு. மூணு நாள் தவணை சொன்னான். பெரியவங்ககிட்ட யோசனை கேட்டான். இன்னைக்கு நீ இவங்களுக்குச் சேவகனா இருந்தா, இவங்க காலம் பூரா உனக்குச் சேவகம் பண்ணுவாங்கன்னாங்க. அவனுக்கு ருசிக்கல. கூட வளந்த பயலுகளைக் கேட்டான். இன்னும் பாரத்தைக் கூட்டுன்னு ஏத்திவிட்டாங்க. அதையே சொன்னான். பன்னெண்டு கோத்திரத்துல பத்து கோத்திரம் கழண்டு போயிருச்சு.

அவனாவது மூணு நாள்ல பதில் சொன்னான் தலைவரே! நாள் சம்பளம் ஆயிரம் ரூபாங்கிற கோரிக்கை 2015லயே தொடங்கினது. வர்த்தமானியில வந்தது 2021 மார்ச்சுல. கூட்டு ஒப்பந்தத்தால வரல, சம்பள நிர்ணய சபை வழியாத்தான் வந்துச்சு. அதுக்குள்ள சாமான் வெலை எங்க போச்சுன்னு உங்க அம்மாவைக் கேளுங்க. கோத்திரம் கழண்டு போறதும் நமக்குப் புதுசில்ல. இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1939ல ஒரே கொடியா ஆரம்பிச்சது. அது தொழிலாளர் காங்கிரஸாகி, அம்பதுகள்ல அதோட தலைவர்கள்ல ஒருத்தரான அசீஸ் பிரிஞ்சு போனாரு. 1965ல வி.கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கம் கண்டாரு. அப்புறம் மலையக மக்கள் முன்னணி, இன்னும் என்னென்னமோ. பிரிஞ்சவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு. ஆனா தொரைக்கு எது சௌகரியம்னு யோசிங்க. ஒரே லயத்துல ஒருத்தனோட பேசுறதா, நாலு கொடியோட தனித்தனியாப் பேசுறதா?

தலைவனை மட்டும் ஏசினா அது பாதி ஞாயந்தான். அமலேக்கியரோட சண்டை நடந்தப்ப மோசே குன்று மேல கையைத் தூக்கி நின்னா இஸ்ரவேலர் பக்கம் ஜெயிச்சுச்சு, கை தளந்தாத் தோத்துச்சு. ஆரோனும், ஊர்னு பேருள்ள ஒருத்தரும் ரெண்டு பக்கமும் நின்னு பொழுது சாயுற வரைக்கும் கையைத் தாங்கினாங்க. 1947 தேர்தல்ல நம்ம சனம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புச்சு. நுவரெலியாவுல ஜெயிச்சது சௌமியமூர்த்தி தொண்டமான். மறுவருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மளை நாடில்லாதவங்களாக்கிருச்சு, அப்புறம் வாக்கும் போச்சு. திரும்ப நம்ம வாக்குல தொண்டமான் பாராளுமன்றம் போனது 1977லதான். 1986 தை மாசம் காலையில வேலைக்குப் போகாம பிரார்த்தனைன்னு உக்காந்தாங்களே, அது என்ன சாமர்த்தியம்! வேலைநிறுத்தம்னா தொரைக்குக் கோவம் வரும், சாமி கும்பிடுறவனை என்ன சொல்ல முடியும்? அந்த வருசமே நாடற்றவங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்கச் சட்டம் வந்துச்சு. மேல நின்ன கை தலைவரோடது. தாங்கின கை கொழுந்து கிள்ளின கை.

அந்தக் கையைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கேளுடா... மன்னிச்சுக்கங்க தலைவரே, வாய் தவறிருச்சு. மலையில கொழுந்து எடுக்கிறது பெரும்பாலும் பொம்பளைங்க. மேடையில உக்காருறது பெரும்பாலும் ஆம்பளைங்க. மாதர் சங்கத் தலைவின்னு ஒருத்தரை வச்சு, ஆரத்தி எடுக்கச் சொல்றதோட சரி. எண்ணாகமம் 27ல செலொப்பியாத்துன்னு ஒருத்தனுக்கு மகன் இல்ல, அஞ்சு பொண்ணுங்க. அஞ்சு பேரும் மோசேக்கும் மொத்தச் சபைக்கும் முன்னால வந்து நின்னு, எங்கப்பா பங்கு நெலத்தை எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டாங்க. மோசே 'பொம்பளைங்களுக்கு என்ன பேச்சு'ன்னு வெரட்டல. மேல கேட்டுட்டு வந்து, அவங்க சொல்றது ஞாயம்னு சட்டத்தையே மாத்தினாரு.

நம்ம கதையிலயும் நெலந்தான் பாக்கி. 1977 மே மாசம் டெவன் தோட்டத்துல நெலத்தைக் காக்க நின்ன சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுல செத்தான். இன்னைக்கும் ஏழு பேர்ச்சஸ் காணி, உறுதிப் பத்திரம்னு பேசிக்கிட்டேதான் இருக்கோம். அடுத்த கூட்டத்துல காணி பேச்சை ஒரு கொழுந்துக்காரி எழும்பிப் பேசட்டும். நீங்க பக்கத்துல நின்னு மைக்கைப் புடிங்க.

முடிக்கிறேன். கவ்வாத்து வெட்டின கை இது, அதனால தெரிஞ்ச ஒரே உவமையைச் சொல்லிருறேன். வெட்டாம விட்ட தேயிலை மரமாயிரும். பாக்க ஒசரமா நிக்கும், கொழுந்து ஒருத்தருக்கும் எட்டாது. தலைவனுக்கும் கவ்வாத்து வேணும். சாமுவேல் தீர்க்கதரிசி தனக்குத்தானே வெட்டிக்கிட்டாரு. வயசான காலத்துல சனத்துக்கு முன்னால நின்னு, யாரு மாட்டை எடுத்தேன், யாரு கழுதையை எடுத்தேன், யாரு கையில லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்க, திருப்பித் தாறேன்னு கேட்டாரு. நீங்க எங்களுக்கு அநியாயம் செய்யல, யாரு கையிலயும் ஒண்ணும் வாங்கலன்னு சனம் சொல்லுச்சு. பயத்துனால இல்ல, குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லாததுனால.

வருசத்துக்கு ஒரு தடவை பெரட்டுக்களத்துல நின்னு அதே கேள்வியைக் கேளுங்க தலைவரே. நம்ம டிவிஷன்ல சந்தா எவ்வளவு வெட்டினாங்க, எதுக்குச் செலவாச்சுன்னு சத்தமா வாசிங்க. கேள்வி கேட்டவன் பேரைக் குறிச்சு வச்சுக்காதீங்க. இது முடியும்னா நீங்க தலைவர்தான், நான் எழும்பி நின்னு வணக்கம் வைக்கிறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, மலையில கவ்வாத்துக்கு ஆள் பத்தாம கெடக்கு.