ஆளில்லாத ஊரில் என்ன அவசரம்?

2015இல் வந்த ‘எவ்ரிபடிஸ் கான் டு தி ராப்ச்சர்’ வீடியோ கேமில் நமக்கு ஒரே வேலை, நடப்பது. 1984ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர், ஊரே மாயமாகிவிட்ட ஒரு கிராமம். கல்யாண வீட்டில் இரண்டு பந்தி சாப்பிட்டவர் நடக்கிற நடை. வெயில் அழகு, வயல் அழகு, பின்னணி இசை அதைவிட அழகு. எங்கோ தொலைபேசி அடிக்கிறது. நாம் போய்ச் சேர்வதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும் (நம் வீட்டு அடுப்பில்தான்).

வேகமாக நடக்கவும் ஒரு வழி உண்டாம்: ஆர்2 பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை விளையாட்டு வெளியான பிறகுதான் சொன்னார்கள். அழுத்தினாலும் உடனே வேகம் வராது. மேடேறும் டவுன் பஸ் மாதிரி முனகி, யோசித்துத்தான் வரும். வழிகாட்டும் ஒளிப்பந்து அதற்குள் இரண்டு தெரு தாண்டியிருக்கும்.