'நானாயிருந்தா' சார்

வீட்டில் வைத்த பெயர் என்னவோ, ஊர் அறிந்த பெயர் 'நானாயிருந்தா' சார்தான். எந்தச் செய்தியைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தை. நானாயிருந்தா பஸ்ஸை இடதுபக்கம் ஒடிச்சிருப்பேன். நானாயிருந்தா அந்தப் பந்தைத் தொட்டே இருக்க மாட்டேன். டீக்கடை பெஞ்ச், தாம்பரம் லோக்கல், கல்யாணப் பந்தியில் நமக்குப் பக்கத்து இலை என்று எங்கும் இருப்பார். சம்பவம் நடந்த இடத்தில் மட்டும் இருக்க மாட்டார்.

உயிரியல் பூங்கா விவகாரம் என்றால் சாருக்குத் தனிப் பிரியம். அதில் வாயில்லா ஜீவன் ஒன்று இருக்கும், வாயடைத்துப்போன அம்மா ஒருத்தி இருப்பாள். இரண்டு பேருமே எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

2016 மே 28 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் மூன்று வயதுப் பையன் ஒருவன் வேலியைத் தாண்டிப் பதினைந்தடி கீழே கொரில்லாக்களின் அகழிக்குள் விழுந்துவிட்டான். ஹராம்பே என்ற ஆண் கொரில்லா அவனைப் பிடித்துக்கொண்டது. முந்தின நாள்தான் அதற்கு 17 வயது நிறைந்திருந்தது. எடை 200 கிலோ. சுமார் பத்து நிமிடம் பையன் அதன் கையில் இருந்தான். தண்ணீரில் தரதரவென்று இழுபட்டான். கடைசியில் பூங்காவின் குழுவே ஹராம்பேயைச் சுட்டுக் கொன்றது. பையன் பிழைத்தான்.

வீடியோ சாரின் போனுக்கு வந்து சேர்ந்தது. பாதிகூட ஓடியிருக்காது, தீர்ப்பு வந்துவிட்டது.

"பெத்தவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

மூன்று வயதுப் பிள்ளையோடு வெளியே போய் வந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். செருப்பு வாரை மாட்டக் குனிந்து நிமிர்வதற்குள் பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கும். சார் பிள்ளை பெற்றவர்தான். பிள்ளையோடு வெளியே போனவரில்லை. அதாவது போயிருக்கிறார், மனைவியோடு. எலுமிச்சை சாதம், தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, எல்லாம் அந்த அம்மாள் பொறுப்பு. சார் செல்போனைச் சுமந்து வருவார். பெரியவன் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் காணாமல் போனால், "உங்கிட்டதானேடி விட்டேன்?" என்று கேட்கும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொள்வார்.

அந்தத் தாயின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சாரும் போட்டார். அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. ஜூன் 6-ம் தேதி அரசு வழக்கறிஞர் அந்தத் தாய் மீது வழக்கில்லை என்று அறிவித்ததும் சார் உதட்டைப் பிதுக்கினார். "பணம் விளையாடிடுச்சு."

சாரின் கோர்ட்டில் அம்மாவுக்குத் தண்டனை ஆயிற்று. கொரில்லாவுக்கு நீதி வேண்டாமா?

"மயக்க ஊசி போட்டிருக்கலாம்ல? ஒரே ஊசி, பொத்துனு விழுந்திருக்கும்."

சாரின் கால்நடை மருத்துவம் சினிமாவில் பயின்றது. சாண்டோ சின்னப்பா தேவர் படங்களில் யானை ஆளைக் காப்பாற்றும், தகுந்த இடத்தில் கண்ணீரும் விடும். மிருகங்கள் வசனம் முடியும்வரை காத்திருக்கும். நிஜத்தில் மயக்க மருந்து ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் குத்திய வலியில் மிருகம் மிரளும். 200 கிலோ மிரண்டால் அதன் கையிலிருக்கும் பிள்ளை என்ன ஆகும் என்பதுதான் அன்று பூங்காக்காரர்களின் கவலை. இயக்குநர் தேன் மேனார்ட் இதைத்தான் திரும்பத் திரும்ப விளக்கினார். இதைச் சொன்னால் சார் வேறு கோப்பைப் பிரிப்பார். 1986-ல் ஜெர்சி தீவில் ஜம்போ என்ற கொரில்லா, விழுந்து கிடந்த ஐந்து வயதுப் பையனின் முதுகைத் தடவிக் காவல் நின்றதாம். 1996-ல் சிகாகோ அருகே புரூக்ஃபீல்டில் பிந்தி ஜுவா என்ற பெண் கொரில்லா மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்து கீப்பர்கள் கதவருகே வைத்ததாம். இரண்டும் உண்மை. பிந்தி ஜுவா மனிதர் கையில் வளர்ந்தவள், அப்போது சொந்தக் குட்டியை முதுகில் சுமந்துகொண்டிருந்தவள் என்பதும் உண்மை. அந்தப் பாதி சாருக்கு ஃபார்வர்டில் வரவில்லை.

சரி, சார் உயிர்களிடத்தில் அன்பு கொண்டவர் என்று வைத்துக்கொள்ளலாமா? 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் ஓர் இளைஞர் விஜய் என்ற வெள்ளைப் புலியின் அடைப்புக்குள் சிக்கி உயிரிழந்தார். அன்று யாரும் புலியைச் சுடவில்லை. மேலே நின்ற கூட்டத்தில் சிலர் கல்லெறிந்தார்கள், சிலர் படம் பிடித்தார்கள். அப்போது சார் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஒரு துப்பாக்கி இல்லையாய்யா? நானாயிருந்தா ஒரே போடு!"

டெல்லியில் சுடாதது குற்றம், சின்சினாட்டியில் சுட்டது குற்றம். முரணாக இருக்கிறதே என்று கேட்டேன். "அது வேற கேஸ், இது வேற கேஸ்" என்றார். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கேஸாகத்தான் தெரிந்தது. எது நடந்ததோ அது தப்பு. எது நடக்கவில்லையோ அதுதான் சார் செய்திருக்கக்கூடியது.

இத்தனை வாதத்திலும் அந்தச் சின்சினாட்டி வேலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொரில்லா அடைப்பு 1978-ல் திறந்தது. அன்று முதல் யாரும் உள்ளே போனதில்லை என்று பூங்கா சொன்னது. வேலியின் உயரம் மூன்றடி. சம்பவத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே அது மூன்றரை அடி ஆயிற்று, கயிற்று வலையும் வந்தது. முப்பத்தெட்டு வருடம் போதுமாக இருந்த வேலி பத்தே நாளில் எப்படிப் போதாமல் போனது என்று கேட்டிருக்கலாம். ஆனால் வேலியைத் திட்டினால் அதன் முகம் வாடாதே. அதில் சாருக்கு என்ன சுகம்?

போன முழுஆண்டு விடுமுறையில் சார் குடும்பத்தோடு வண்டலூர் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். அறுநூறு ஹெக்டேருக்கு மேல் விரிந்த இடம். சார் அங்கே ஒரு பலகையையும் படிப்பதில்லை. விலங்குகளைச் சீண்டுவதும் தீனி போடுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சார் குரங்குக்குக் கடலை வீசினார். பாம்புக் கூடத்தில் கண்ணாடியைத் தட்டி மலைப்பாம்பிடம் நலம் விசாரித்தார். புலி மர நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்கியவர் என்ற உரிமையில் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். புலி ஒரு காதை மட்டும் அசைத்தது.

"புலி தெரியலை தாத்தா!" என்றான் பேரன்.

சார் அவனை அலாக்காகத் தூக்கி அகழியின் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார வைத்தார். போட்டோவுக்கு இரண்டு கையும் வேண்டுமென்று பிடியையும் விட்டார். அவர் மனைவி சாதப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பையனின் டவுசரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார். "ஃப்ரேம்ல கை தெரியுது, எடு" என்றார் சார்.

கீப்பர் வந்துவிட்டார். பையனை இறக்கிவிட்டு, "படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்றார்.

சாருக்குச் சுருக்கென்றது. "தப்பு உங்க பேர்ல. இவ்வளவு உயரத்துக்குச் சுவர் கட்டினா சின்னப் பிள்ளைங்க எப்படிப் பாக்கும்? அமெரிக்காவுல மூணடிதான் வெச்சிருந்தான். நானாயிருந்தா இதுல பாதியை இடிச்சிருப்பேன். இதை எழுத்துமூலமாவே குடுக்கறேன், எப்ப வரணும்?"

கீப்பர் சாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை வாங்க சார். அன்னிக்குக் கூட்டமே இருக்காது."

சார் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது.