ரெண்டாவது வாத்தியாரும் வருவாரு

வா தம்பி, திண்ணையில குந்து. 2027 மார்ச் 1-ந் தேதிய வெச்சு மக்கள்தொகை எண்ணப் போறாங்களாமே. எண்ண வர்ற வாத்தியாருகிட்ட ஒருதடவ சொல்லிட்டா வேல முடிஞ்சிதுன்னு நெனச்சிக்கினு இருக்கியா? பின்னாடியே இன்னொருத்தரு வந்தாலும் வருவாரு. முன்ன வந்தவரு ஒழுங்கா எண்ணுனாரான்னு பாக்க! 1951-லேர்ந்து ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் அப்பறம், அங்கங்க சில பகுதிய பொறுக்கியெடுத்து மறுபடி எண்ணுறாங்க.

கணக்கப் பாத்தா பிணக்கு தானே வரும். 2011-ல 121 கோடின்னு மார்தட்டினோம். பின்னாடி போனவங்க, ஆயிரத்துக்கு 23 பேரு விட்டுப்போச்சுன்னுட்டாங்க. பெருக்கிப் பாரு, ஏறக்குறைய 2.8 கோடி. இலங்கை முழுக்க எண்ணுனாலும் அவ்ளோ ஜனம் தேறாது. 1951-ல விட்டது ஆயிரத்துக்கு 11 தான். அப்ப ஊருக்கு ரோடு கெடையாது, கரண்டு கெடையாது. எவ்ளோ முன்னேறிட்டோம் பாரு!

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு கேளு. மொத வாத்தியாரு ஒரு தெருவுல 90 பேர எழுதறாரு. ரெண்டாவது வாத்தியாரு அந்தச் சீட்டப் பாக்காம தானா போயி 80 பேர எழுதறாரு. ரெண்டுலயும் இருக்கிற பேரு 72. அப்ப ரெண்டாமவரு கண்ட பத்து பேர்ல ஒம்போது பேரத்தான் மொதலாமவரு புடிச்சிருக்காரு. அவரோட 90 பத்துல ஒம்போது பங்குன்னா, தெருவுல இருக்கிறது 100. ரெண்டு பேருமே பாக்காத ஆளும் கணக்குல வந்துட்டான்! நம்ம நாட்டு சந்திரசேகரனும் அமெரிக்காக்காரரு டெமிங்கும் கல்கத்தா பக்கம் சிங்கூருல பொறப்பு இறப்பக் கணக்குப் பாத்து, 1949-ல எழுதுன சூட்சுமம் இது.

யாரு விட்டுப்போறாங்க? பச்சக் கொழந்தைங்க, டவுன்ல இருக்கறவங்க. மல்லாட்ட புடுங்கி முடிஞ்சதும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறவன இங்க எழுதுவாங்களா, அங்க எழுதுவாங்களா? நம்ம மண்டகப்பட்டுல மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாம கொடஞ்ச கோயில்ல ரெண்டு துவாரபாலகருங்க நிக்கிறாங்களே, அவங்கள எண்ணச் சொல்லு, எவனுக்கும் தப்பாது. ஆயிரத்து நானூறு வருசமா எடத்த விட்டு நவுரலயே!

தென்னாப்பிரிக்காவுல 2022-ல நூத்துக்கு 31 பேர கோட்ட விட்டாங்க. ஆனா கூச்சப்படாம, திருத்துன கணக்கத்தான் வெளியிட்டாங்க. நம்மாளுங்க தப்பக் கண்டுபுடிச்சு தனிப் புஸ்தகமாப் போட்டுட்டு, 121 கோடிய அப்படியே வெச்சிட்டாங்க. சாமர்த்தியசாலிங்க!

சிரிக்காத, உன் சாமர்த்தியமும் எனக்குத் தெரியும். ரெண்டாமவரு வந்தா, "எல்லாம் அப்பவே குடுத்தாச்சு, அதப் பாத்து எழுதிக்கோங்க"ன்னு கதவச் சாத்துவ. அதப் பாத்து எழுதறதுக்கு அவரு எதுக்குடா வெயில்ல வரணும்? அப்படி எழுதுனா ரெண்டு சீட்டும் ஒண்ணாத்தான் இருக்கும், தப்பே இல்லன்னு ஆயிடும். அதனால மோரு குடுத்து உக்கார வையி. மொதத் தடவ என்ன சொன்னேன்னு யோசிக்காம, உள்ளத உள்ளபடி சொல்லு. தொட்டில்ல இருக்கிறதயும் மறக்காம சொல்லு.